பொன் விளைந்த ஊரில் ‘போதும்’ என்ற சொல்

போதும் என்ற மனமே பொன் செய்யும் மருந்து என்று நம் முன்னோர் சொல்லி வைத்தார்கள். பிற ஊர்களில் இப்பழமொழியைக் கேட்கும் பிள்ளைகள் தலையாட்டிக் கேட்டுக்கொள்வார்கள் போலும். எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கோ இது சிரிப்பை விளைவிக்கும். பொன் செய்யும் மருந்து எதுவென்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும். அதன் பெயர் சயனைடு.

எங்கள் ஊர் கோலார் தங்கவயல். 2018-இல் வெளிவந்த கன்னடத் திரைப்படம் ஒன்றால் அதன் ஆங்கிலச் சுருக்கப் பெயர் நாடெங்கும் பரவிவிட்டது. படத்தில் காணும் ஊர் வேறு, நாங்கள் வாழ்ந்த ஊர் வேறு. நாங்கள் அறிந்த ஊரில் பாறையை வெட்டி மேலே கொண்டுவந்து, ஆலையில் மாவாக இடித்து, பாதரசம் பூசிய செப்புத் தகடுகளின்மேல் ஓடவிடுவார்கள். எஞ்சிய மண்ணைச் சயனைடுக் கரைசலில் ஊறவைத்து, அக்கரைசலிலிருந்து துத்தநாகத்தின் துணையால் பொன்னைப் பிரித்தெடுப்பார்கள். 1887-இல் ஸ்காட்லாந்தில் கண்டறியப்பட்ட முறை அது. பொன் போனபின் மிஞ்சும் மணல் ஊர் நடுவே குன்றுகளாகக் குவிந்தது. அக்குன்றுகள் இன்றும் நிற்கின்றன. காற்றடிக்கும் மாதங்களில் அம்மணல் பறந்து வந்து கொடியில் உலரும் துணியிலும், மூடி வைக்காத சோற்றிலும், வேதாகமத்தின் தாள்களுக்கிடையிலும் படியும். பொன்னின் பங்காக எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது அந்தத் தூசு ஒன்றுதான் என்று என் ஆயா சொல்லுவார். வட ஆர்க்காட்டு வழக்கில் பாட்டியை நாங்கள் ஆயா என்போம்.

பெங்களூரில் வாழும் வாசகர்களுக்கு லாவெல் ரோடு தெரிந்திருக்கும். அச்சாலைக்குப் பெயர் தந்த மைக்கேல் லாவெல் என்ற அயர்லாந்துக்காரர் 1875-இல் மைசூர் அரசிடம் தங்கம் தோண்டும் உரிமையைப் பெற்றார். அவரால் இயலாமற்போன காரியத்தை 1880 முதல் ஜான் டெய்லர் கம்பெனியார் நடத்தினர். 1902-இல் காவிரியின் சிவசமுத்திர அருவியிலிருந்து மின்சாரம் வந்தது. அந்நாளில் நம் நாட்டின் பெரு நகரங்கள் பலவற்றில் மின்விளக்கு இல்லை. ஆனால் அந்த மின்சாரம் சுரங்கத்துக்கும் துரைமார் பங்களாக்களுக்கும் வந்தது. தொழிலாளர் லைன்களுக்கு வர நெடுங்காலம் ஆயிற்று. 1956-இல் மைசூர் அரசு சுரங்கங்களைத் தன்வசம் எடுத்துக்கொண்டது. பின்னர் அவை மத்திய அரசின் கைக்குச் சென்று, 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டன. ஏறத்தாழ 120 ஆண்டுகளில் அம்மண்ணிலிருந்து எடுத்த பொன் சுமார் 800 டன் என்று கணக்கிடுகிறார்கள்.

எடுத்தவர்களில் பெரும்பாலோர் தமிழர். வட ஆர்க்காடு, சேலம் முதலிய இடங்களிலிருந்து பஞ்சம் துரத்தப் புறப்பட்டு வந்தவர்கள். சொந்த ஊரில் நிலமும் இல்லை, மதிப்பும் இல்லை. தாழ்த்தப்பட்டவர் என்று சேரியில் ஒதுக்கப்பட்டவர்களே மிகுதி. சாம்பியன் ரீப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கூடுதலான ஆழத்துக்கு இறங்கியது. அங்கே பாறையின் வெப்பம் 60 பாகைக்கு மேல். குளிர்ந்த காற்றை மேலிருந்து செலுத்தினாலன்றி மனிதன் அங்கே நிற்க முடியாது. பாறை தன் பாரம் தாங்காமல் திடீரென்று வெடிக்கும். அதை ‘ஏர் பிளாஸ்ட்’ என்பார்கள். அந்த அதிர்வில் மேலே வீடுகளில் பாத்திரங்கள் உருளும். உருண்ட ஓசை அடங்குமுன் பெண்கள் சுரங்க வாயிலை நோக்கி ஓடுவார்கள். வேலை முடிந்து ஏறிவரும் ஒவ்வொருவரையும் பொன் ஒளித்திருக்கிறானோ என்று சோதனையிட்டுத்தான் வெளியே விடுவார்கள். அப்படி வெளியே வந்தவர்கள் தம் மகளின் தாலிக்கு வேண்டிய குன்றுமணிப் பொன்னை ராபர்ட்சன்பேட்டைக் கடையில் கடனுக்கு வாங்கினார்கள்.

இத்தகைய ஊரிலே ஞாயிறுதோறும் சபையில் போதும் என்ற மனத்தைப் பற்றிப் பிரசங்கம் நடந்தது என்றால், அது யாருக்கு உதவியது என்ற கேள்வி எழத்தானே செய்யும்? எங்கள் தெருவிலேயே எழுந்தது. சங்கத்துத் தோழர் ஒருவர் என் தாத்தாவிடம், “கூலி போதாது என்று நாங்கள் சொல்கிறோம், இருப்பது போதும் என்று ஐயர் சொல்கிறார், துரை யார் பக்கம் சாய்வார்?” என்று கேட்டாராம். நியாயமான கேள்வி. பசித்தவனிடம் போய்ப் பொறுமையைப் போதிப்பவன் பெரும்பாலும் பசியாதவனாகவே இருக்கிறான். 1930-இல் தொழிலாளர் ஒவ்வொருவரும் கைரேகை பதிய வேண்டும் என்று விதி வந்தபோது, எங்களைத் திருடர்களாக எண்ணுகிறீர்களா என்று கேட்டுப் பல்லாயிரவர் வேலையை நிறுத்தி நின்றார்கள். ஆலயத்துக்குச் செல்வோரும் அவர்களோடு நின்றார்கள். போதும் என்ற மனம் அவர்களிடம் இல்லாமற்போயிற்று என்று நான் எண்ணவில்லை. வயல் அறுத்தவர்களின் கூலியைப் பிடித்து வைத்துக்கொண்ட செல்வரைப் பார்த்து, அந்தக் கூலியே உங்களுக்கு விரோதமாகக் கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு தம் நிருபத்தில் கடிந்துரைக்கிறார். அந்த நிருபமும் வேதாகமத்தில்தான் இருக்கிறது. எனக்கு உரியதைக் கேட்பது வேறு. கேட்டது கிடைத்தபின்னும் நெஞ்சு நிரம்பாமல் இருப்பது வேறு. இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பிய பிரசங்கங்களை நானும் கேட்டிருக்கிறேன்.

கிறிஸ்தவர் அல்லாத அன்பர்களும் இவ்விதழைப் படிப்பதால் ஒன்றைச் சற்று விளக்கிச் சொல்ல விரும்புகிறேன். வேதாகமத்தில் சுரங்கத் தொழிலைப் பற்றியே ஓர் அதிகாரம் உண்டு. யோபுவின் புத்தகத்தில் இருபத்தெட்டாவது அதிகாரம் அது. மனிதன் இருளுக்குள் விளக்கேற்றிக்கொண்டு இறங்குகிறான். ஆள் நடமாட்டமற்ற இடத்தில் கயிற்றிலே தொங்கி ஊசலாடுகிறான். கழுகின் கண்ணுக்கும் தெரியாத பாதையை வெட்டுகிறான். மலையை வேரோடு புரட்டுகிறான். இத்தனையும் சொல்லிவிட்டு, ஞானம் மட்டும் எந்தச் சுரங்கத்தில் அகப்படும் என்று அப்புலவர் வினவுகிறார். உயர்ந்த பொன்னைக் கொட்டிக் கொடுத்தாலும் அதை விலைக்கு வாங்க முடியாது என்கிறார். எங்கள் சபையில் இப்பகுதி வாசிக்கப்படும் ஞாயிறுகளில், முன்வரிசையில் அமர்ந்திருக்கும் முதியவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். கயிற்றில் தொங்கியவர்களின் பார்வை அது. பட்டணத்துச் சபைகளில் இதே பகுதியைக் கேட்கும்போது அந்தப் பார்வையை நான் காண்பதில்லை.

ஆனால் மனநிறைவைப் பற்றிய பேச்சுக்கு யோபுவைக் காட்டிலும் பவுலையே எல்லாரும் நாடுகிறார்கள். பிலிப்பியருக்கு அவர் எழுதிய நிருபத்தின் கடைசி அதிகாரத்தில், எந்த நிலைமையில் இருந்தாலும் மனரம்மியமாக இருக்கத் தாம் கற்றுக்கொண்டதாகச் சொல்கிறார். மனரம்மியம் என்பது நம் பழைய தமிழ் மொழிபெயர்ப்பின் சொல். மூலத்தில் உள்ள கிரேக்கச் சொல்லுக்குத் தன்னிறைவு என்று பொருள். அது பவுல் உண்டாக்கிய சொல் அன்று. ஸ்தோயிக்கர் என்னும் கிரேக்க ஞானியர் அதைத் தம் கொள்கைக்குரிய உயர்ந்த சொல்லாக வைத்திருந்தார்கள். பிறர் எவரையும் சாராமல் தன்னுள்ளே நிறைந்திருப்பவனே ஞானி என்பது அவர்கள் கருத்து. பவுல் அச்சொல்லை எடுத்துக்கொண்டு, இரண்டே வாக்கியங்களில் அதன் உள்ளீட்டை மாற்றிவிட்டார். தமக்குப் பெலன் தருகிறவர் வேறொருவர் என்றார். அதற்கு அடுத்தாற்போலவே, நீங்கள் என் துன்பத்தில் பங்குகொண்டது நல்லது என்று நன்றியும் கூறினார். பிறர் உதவியே வேண்டாதவன் எழுதும் கடிதம் அப்படி இராது. எப்பாப்பிரோதீத்து என்பவரின் கையில் பிலிப்பியர் பொருள் கொடுத்தனுப்பியிருந்தார்கள். வந்தவர் நோயுற்று மரணத்தறுவாயை எட்டி மீண்டிருந்தார். காவலில் இருந்த பவுல் அக்கொடைக்கு எழுதிய நன்றிக் கடிதத்திலேதான் மனரம்மியம் என்ற சொல் வருகிறது.

அந்தப் பிலிப்பி எத்தகைய ஊர் என்பதைப் பல ஆண்டுகள் கழித்து ஒரு வரலாற்று நூலில் படித்தபோது என் வியப்புக்கு அளவில்லை. பிலிப்பி ஒரு தங்கவயல்! முன்பு வேறு பெயரோடு இருந்த சிற்றூரைக் கி.மு. 356-இல் மாசிடோனிய மன்னன் பிலிப்பு கைப்பற்றித் தன் பெயரை அதற்கு இட்டான். அருகிலிருந்த பங்கையன் மலைப் பகுதியின் பொன்னே காரணம். அப்பொன்னைக் கொண்டு அவன் படை திரட்டினான். அவன் மகன் அலெக்சாந்தர் அப்படையோடு உலகை வெல்லப் புறப்பட்டான். கி.மு. 42-இல் அவ்வூர்ச் சமவெளியில் நடந்த போருக்குப்பின், ஓய்வு பெற்ற உரோமப் படைவீரர்களுக்கு அங்கே நிலம் அளித்துக் குடியேற்றினார்கள். பவுல் அங்கே காலடி வைத்த நாளில் பொன்னின் புகழ் பழங்கதையாகியிருந்தது. மன்னன் போய்விட்டான், பொன்னும் போய்விட்டது, ஊர் இருந்தது. எங்கள் ஊரைப்போல.

இன்னும் ஒன்று. அவ்வூரில் பவுலும் சீலாவும் சிறைப்பட்டதற்கும் பணமே காரணம். குறி சொல்லும் ஓர் அடிமைப் பெண்ணை வைத்து அவளுடைய எஜமானர்கள் வருவாய் தேடிக்கொண்டிருந்தார்கள். அவளைப் பிடித்திருந்த ஆவி நீங்கியது, குறி நின்றது, வருவாயும் நின்றது. அப்போது அந்த எஜமானர்களின் கண்ணுக்குத் தெரிந்தது ஒரு பெண்ணின் விடுதலை அன்று. அவர்கள் போட்ட கூச்சலில்தான் பவுலுக்கு அடியும் சிறையும் கிடைத்தன. அப்போஸ்தலர் நடபடிகள் பதினாறாம் அதிகாரத்தில் இது உள்ளது. ஆக, செல்வத்தின் மேல் வைத்த ஆசை மனிதனை எங்கே கொண்டுபோகும் என்பதைப் பிலிப்பி சபையாரும் பவுலும் ஏட்டில் படித்து அறிந்தவர்கள் அல்லர்.

கற்றுக்கொண்டேன் என்று பவுல் சொன்ன சொல்லிலே என் மனம் நெடுநேரம் தங்குகிறது. வரம் பெற்றேன் என்று அவர் சொல்லவில்லை. பிறவிக் குணம் என்றும் சொல்லவில்லை. கூடாரம் தைக்கக் கற்றதுபோல, ஊசி குத்திக் குத்தி விரல் காய்த்துக் கற்ற ஒன்றாகவே சொல்கிறார். தாழ்ந்திருக்கவும் தெரியும், நிறைந்திருக்கவும் தெரியும் என்னும் பொருள்படப் பேசுகிறார். நிறைந்திருக்கத் தெரிவதும் ஒரு படிப்புத்தான் போலும்! நம்மில் பலர் முதற்பாடத்தை ஊரிலேயே முடித்துவிட்டு, இரண்டாம் பாடத்துக்குப் பட்டணத்தில் தோற்றுப்போகிறோம்.

என் தந்தையார் 1967 முதல் சுரங்கம் மூடும் வரையில் முப்பத்து நான்கு ஆண்டுகள் நிலத்தடியில் வேலை பார்த்தார். சம்பள நாளன்று இரவு ஒரு நீளக் கணக்கு நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு அரிசி, கடன், பள்ளிக்கூடம், காணிக்கை என்று தலைப்பிட்டு எழுதுவார். ஐந்தாவதாக ஒரு தலைப்பு உண்டு. ‘யாருக்கேனும்’ என்று அதற்குப் பெயர். அதன்கீழ் சில மாதங்களில் இருபது ரூபாய் இருக்கும். சில மாதங்களில் இரண்டு ரூபாய். யாருக்கு என்று மாத முதலில் அவருக்கே தெரியாது. மாதம் முடிவதற்குள் யாரேனும் வந்துவிடுவார்கள். லைன் வீடுகளில் கதவு திறந்தே கிடக்கும்; பக்கத்து வீட்டில் அடுப்பு எரிகிறதா இல்லையா என்பது தெரியாமல் ஒருவர் அங்கே வாழ இயலாது. ஆயாவோ கணக்கு எழுதத் தெரியாதவர். உலையில் இடுமுன் அரிசியில் ஒரு பிடி எடுத்து ஒரு மண்சட்டியில் போட்டு வைப்பார். ஞாயிற்றுக்கிழமை அது சபைக்குப் போகும். பிடியரிசிக் காணிக்கை என்பது தென்னாட்டுச் சபைகளில் பரவலாக இருந்த வழக்கம். வடகிழக்கே மிசோ மலைகளில் அது இன்றும் பெரு வழக்காய் நடந்துவருகிறது. இல்லாதவர் வீட்டிலும் ஒரு பிடி குறைந்தால் தெரியாது என்பது அதன் கணக்கு. ஆனால் தெரிந்தது. எத்தனையோ நாட்கள் அந்த ஒரு பிடி என் கண்ணுக்குத் தெரிந்தது.

2001-இல் கணக்கு முடித்துக் கொடுத்தபோது, தந்தையார் அதற்குமுன் ஒருநாளும் கையில் பிடித்திராத ஒரு தொகை வீட்டுக்கு வந்தது. அவ்வாரத்தில் எங்கள் வீட்டில் நடந்த வாதங்களை நான் மறக்கவில்லை. சித்தப்பாவும் சுரங்கத்தில் இருந்தவர்தாம். அவர் வந்து, “அண்ணா, பெங்களூருக்கு வெளியே மனை விலை மலிவா இருக்கு. ரெண்டு பேரும் சேர்ந்து போட்டா பத்து வருஷத்துல பத்து மடங்கு ஆகும்” என்றார். தந்தையார் நோட்டை எடுத்தார். பழைய கடனை முழுவதும் தீர்த்தார். கூரையை மாற்றினார். பத்தில் ஒரு பங்கைச் சபைக்கு வைத்தார். மிச்சத்தில் ஒரு பகுதியை, ஏர் பிளாஸ்டில் மாண்ட தம் கூட்டாளி ஒருவரின் விதவை மகளுக்குத் திருமணச் செலவுக்கென்று கொடுத்தார். அப்போதுதான் என் அன்னை வாய் திறந்தார்.

“பையனுக்குக் காலேஜ் இருக்குதுங்க. உங்க மனரம்மியத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தா பீஸுக்கு எடுத்துக்குவாங்களா?”

தந்தையார் விடை சொல்லவில்லை. விடை அவரிடம் இல்லை. அன்னையின் கேள்வியில் பிழை எதுவும் இருந்ததாக எனக்கு அன்றும் தோன்றவில்லை, இன்றும் தோன்றவில்லை. ஆண்கள் மனநிறைவைப் பற்றிப் பேசும் வீடுகளிலெல்லாம் அதன் விலையை அடுக்களையில் நின்று கட்டுபவர் ஒருவர் உண்டு. அவ்வாண்டு அன்னை தம் கம்மலை விற்றார். சம்மதித்து விற்றார் என்று எழுதினால் பொய்யாகும். மூன்று நாள் பேசாமல் இருந்துவிட்டு விற்றார்.

இவ்வாறான கட்டுரைகளில், மனை வாங்கியவர் நஷ்டமடைந்தார், காணிக்கை கொடுத்தவர் தழைத்தார் என்று வருவது வழக்கம். நடந்தது அதுவன்று. சித்தப்பாவின் மனை அவர் சொன்னதைவிடவும் விலையேறியது. அவர் அதை விற்று வீடு கட்டினார், பிள்ளைகளைப் படிக்க வைத்தார். நல்ல மனிதர், கேட்டவருக்கு இல்லையென்று சொல்லமாட்டார். தந்தையாரோ பெங்களூரில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்துக்குக் காவலாளியாகச் சேர்ந்தார். சுரங்கம் மூடியபின் எங்கள் ஊரார் ஆயிரக்கணக்கில் செய்ததுபோல, பொழுது விடியுமுன் மாரிகுப்பம் இரயிலில் ஏறி ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் பயணம் செய்து, இரவு திரும்புவார். சுரங்கத் தூசு அவர் நுரையீரலில் தங்கிவிட்டது. 2014-இல் காலமானார். போதும் என்று சொன்னவருக்குக் கடவுள் இரட்டிப்பாகத் திருப்பிக் கொடுத்தார் என்று சாட்சி கூற என்னிடம் சான்று இல்லை. அவருடைய நோட்டு மட்டும் இருக்கிறது. காவலாளியாக இருந்த பதின்மூன்று ஆண்டுகளிலும் ஐந்தாவது தலைப்பு ஒரு மாதம்கூட விடுபடவில்லை. ஒரு மாதத்தில் ஐந்து ரூபாய் என்று எழுதி, பக்கத்தில் ‘தேநீர், புதுப் பையனுக்கு’ என்று குறித்திருக்கிறார்.

சாட்சி என்றேன். நம் பெங்களூர் வீட்டு ஜெபக் கூட்டங்களில் சாட்சி வேளை என்று ஒன்று உண்டு. ஒவ்வொருவராக எழுந்து கடவுள் தமக்குச் செய்த நன்மையைச் சொல்ல வேண்டும். நோய் நீங்கியதைச் சொல்வார்கள், பிள்ளை பிறந்ததைச் சொல்வார்கள். கேட்க இனிமையாக இருக்கும். ஆனால் அண்மைக் காலத்தில் ஆசீர்வாதம் என்ற சொல்லுக்குச் சதுர அடிக் கணக்கு வந்துவிட்டது. ஆண்டவர் எங்களை மூன்று படுக்கையறைக்கு உயர்த்தினார் என்று ஓர் அன்பர் சொன்னபோது, இரண்டு படுக்கையறையில் இருந்த அந்த வீட்டுக்காரரின் முகம் சற்று வாடியதைப் பார்த்தேன். இப்போது இருப்பது போதும் என்று உணரச் செய்தார், அதற்காக ஸ்தோத்திரம் என்று எழுந்து நின்று சொன்ன ஒருவரை நான் இதுவரை கண்டதில்லை. சொன்னால் கூட்டத்தார், இவருக்கு என்ன குறையோ என்று ஜெபிக்கத் தொடங்கிவிடுவார்கள்.

செல்வத்தையே குற்றம் என்று கூறும் கட்சியில் நான் சேரவில்லை. பிலிப்பியில் முதலில் பவுலுக்கு வீடு திறந்தவள் லீதியாள். இரத்தாம்பர வணிகம் செய்த வசதியுள்ள பெண்மணி. அவளுடைய வீடு இல்லாவிட்டால் அந்தச் சபைக்குக் கூடுவதற்கு இடம் இல்லை. நீதிமொழிகளின் முப்பதாம் அதிகாரத்தில் ஆகூர் என்பவர், வறுமையும் வேண்டாம், செல்வமும் வேண்டாம், அளவான உணவு தந்தால் போதும் என்று வேண்டுகிறார். அவர் கூறும் காரணம் வெகு நேர்மையானது. மிஞ்சினால் கடவுளை மறந்துவிடுவேன், குறைந்தால் திருடிவிடுவேன் என்கிறார். தன்னைத் தானே இவ்வளவு சரியாக எடை போட்டவர் வேதாகமத்திலும் சிலரே.

அளவு என்பதற்கு இஸ்ரவேலர் வனாந்தரத்தில் பெற்ற மன்னா ஒரு கணக்கு. ஆளுக்கு ஓர் ஓமர். மிகுதியாய்ச் சேர்த்தவனுக்கு மீதம் இல்லை, கொஞ்சமாய்ச் சேர்த்தவனுக்குக் குறைவும் இல்லை. மறுநாளைக்கென்று ஒளித்து வைத்தது புழுத்து நாறியது. இதைக் குழந்தைகளுக்குரிய கதையாக ஓய்வுநாள் பள்ளியில் கற்றுவிட்டு மறந்துவிடுகிறோம். பவுலோ, எருசலேமில் இருந்த ஏழைகளுக்குப் பொருள் திரட்டும்போது கொரிந்தியருக்கு இதே மன்னாவின் கணக்கை எடுத்துக் காட்டுகிறார். அதே அதிகாரத்தில், கொடிய வறுமையிலும் தங்கள் திராணிக்கு மிஞ்சிக் கொடுத்தவர்கள் என்று மாசிடோனியச் சபைகளை முன்மாதிரியாக நிறுத்துகிறார். பிலிப்பி மாசிடோனியாவில் உள்ளது. பொன் தீர்ந்த ஊரின் ஏழைகள் அவர்கள். அவர்களைக் கொடுக்கச் சொல்லி யாரும் வற்புறுத்தவில்லை; கொடுக்க இடம் தாருங்கள் என்று அவர்களே மன்றாடினார்களாம்.

இதைப் படிக்கும்போதுதான் என் தந்தையாரின் ஐந்தாவது தலைப்பு எனக்கு விளங்குகிறது. மனரம்மியம் என்பது ஆசையை அடக்கிக்கொண்டு சும்மா இருப்பது என்று நான் இளமையில் கருதியதுண்டு. அவர் சும்மா இருக்கவில்லை. கையில் உள்ளதை மூடிப் பிடித்துக்கொள்ள வேண்டிய அச்சம் அவரிடம் இல்லை, அவ்வளவே. அதற்காக அன்னையிடம் அவர் பட்ட கடனை அவர் தீர்த்தாரா என்பது வேறு கேள்வி. அன்னைக்குக் கம்மல் திரும்பவும் வந்தது. என் முதற் சம்பளத்தில் வந்தது, அவருடைய நோட்டிலிருந்து வரவில்லை.

அன்னை இப்போது எங்களோடு இருக்கிறார். சென்ற ஆண்டு, இரண்டு அறை வீட்டை விட்டுப் பெரிய வீட்டுக்குப் போகலாமா என்று நானும் என் மனைவியும் கணக்குப் போட்டோம். வங்கியில் கடன் தர ஆயத்தமாக இருந்தார்கள். மாதத் தவணை, என் சம்பளத்தில் சரிபாதி, இருபது ஆண்டுகள். மகள் பத்தாம் வகுப்பில் படிக்கிறாள். தனக்கென ஓர் அறை கேட்பதில் தவறு ஒன்றும் இல்லை. இரண்டு வாரம் யோசித்தோம். தந்தையாரின் நோட்டில் இருந்த ஐந்து தலைப்புகளையும் ஒரு தாளில் எழுதி, புதுத் தவணையைச் சேர்த்துக் கூட்டிப் பார்த்தோம். மற்ற நான்கும் எப்படியோ அடங்கின. ஐந்தாவதில் ஒன்றும் மிஞ்சவில்லை. என் மனைவி பென்சிலை வைத்துவிட்டு, “இருபது வருஷத்துக்கு யாருக்கும் ஒண்ணும் இல்லைன்னு இப்பவே எழுதி வைக்கணுமா?” என்றாள். அன்னை எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: “முன்னறையில ஒரு தடுப்பு வைங்க. பொண்ணு படிக்கட்டும். எனக்கு வெளியில படுத்தாத்தான் காத்து வரும்.”

தச்சர் வந்து பலகைத் தடுப்பு வைத்துவிட்டுப் போனார். மகளுக்கு அதில் முழுத் திருப்தி இல்லை. கதவு இல்லையே என்கிறாள். வங்கியிலிருந்து இன்னமும் வாரம் ஒருமுறை தொலைபேசியில் அழைக்கிறார்கள். ஊரில் நாங்கள் இருந்த லைனில், பழைய வீட்டுக்கு நான்கு வீடு தள்ளி, இரயிலில் வந்து போய்க் கட்டட வேலை செய்யும் ஒருவரின் மகன் இவ்வாண்டு செவிலியர் படிப்பில் சேர்ந்திருக்கிறான். தவணைக்கென்று ஒதுக்க நினைத்த தொகையில் ஒரு பகுதி அவன் கட்டணத்துக்குப் போகிறது. நூல்கள் புதிதாக வாங்கினால் விலை மிகுதி. வருகிற சனிக்கிழமை அவனை அழைத்துக்கொண்டு அவென்யூ ரோட்டுப் பழைய புத்தகக் கடைகளுக்குப் போக வேண்டும்.